வெளிநாட்டில் வசிக்கும்போது உள்ளூர்க்காரர் வீட்டில் நடக்கும் சமையல் வகுப்பில் சேரலாமா?

கேள்வி: வெளிநாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பக்கத்தில் ஓர் அம்மையார் தம் வீட்டிலேயே உள்ளூர்ச் சமையல் சொல்லித் தருகிறார். எனக்கு ஏற்கெனவே நன்றாகச் சமைக்க வரும். காசு கொடுத்துச் சேருவது வீண்தானே?

பதில்: சேருங்கள். 'ஏற்கெனவே நன்றாகச் சமைக்க வரும்' என்ற வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அது உங்கள் பேச்சாகத் தெரியவில்லை. அத்தையோ மைனியோ சொன்னதாக இருக்கும். கணவர் வேலைக்காகப் போயிருக்கிறீர்கள், பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறென்றால் மன்னியுங்கள், நான் அப்படித்தான் இருந்தேன்.

எனக்குப் பாளையங்கோட்டை. அப்பாவைப் பெற்ற ஆச்சிக்குக் கடற்கரை ஊரான உவரி. கல்யாணமாகி மூன்று ஆண்டுகள் ஒசாகாவில் இருந்தேன். எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, தம் வீட்டு அடுக்களையில் ஒரு நேரத்தில் நான்கு பேருக்குச் சமையல் சொல்லித் தந்தார். ஒரு வகுப்புக்கு 4,000 யென். ஊருக்கு போனில் சொன்னதும், "சமைக்கத் தெரியாத பிள்ளையையா கட்டிக்கொடுத்தோம்?" என்று கேட்டார்கள். விடுமுறைக்கு வந்தபோது ஒரு கல்யாண வீட்டில், மறுநாள் சொதிச் சாப்பாட்டுப் பந்தியில், "இவள் கருவாட்டுத் தண்ணீர் வைக்கக் காசு கட்டிப் படிக்கிறாள்" என்றார் ஒரு சித்தி. பந்தியே சிரித்தது. ஏழு வருடம் ஆகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்தக் 'கருவாட்டுத் தண்ணீர்' தாஷி. ஜப்பான் சமையலில் சூப்பு, குழம்பு, வேகவைத்த காய் எல்லாவற்றுக்கும் அதுதான் அடி. முதல் வகுப்பில் சென்செய் (ஆசிரியரை அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்) தச்சருடைய இழைப்புளியைக் கவிழ்த்து வைத்தது போன்ற ஒரு மரப்பெட்டியை எடுத்து வைத்தார். பிறகு துணியில் சுற்றிய இரண்டு கட்டைகள். துணியை அவிழ்த்ததும் உவரி அடுக்களை வாசம் அடித்தது. மாசி!

ஆச்சியின் அண்ணன் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குப் போகும் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக இருந்தவர். அவர் கொண்டுவரும் மாசி ஆச்சி வீட்டு மண்பானையில் வருடம் முழுக்கக் கிடக்கும். சூரை மீனை உப்புத் தண்ணீரில் அவித்து, புகை போட்டு, கல்லாகிறவரை காயவைத்தது. சென்செய் வைத்திருந்த கட்டைக்குக் கட்ஸுவோபுஷி என்று பெயர். அதுவும் அதே சூரைதான். நான் இரண்டு கட்டைகளையும் வாங்கி ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தேன். மரத்தில் தட்டினாற்போல் 'டக்' என்று கேட்டால்தான் ஆச்சி மாசியை ஒப்புக்கொள்வாள். சென்செய் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, பெட்டியை என் பக்கம் நகர்த்திச் சீவச் சொன்னார்.

ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் 10 கிராம் கொம்பு, அதாவது காய்ந்த கடற்பாசி, அரை மணி நேரம் ஊற வேண்டும். பிறகு மெல்லிய தீ. கொதி வருமுன் பாசியை எடுத்துவிட வேண்டும். அடுப்பை அணைத்து, சீவிய மீனைப் போட்டு, ஓரிரு நிமிடத்தில் துணியில் வடித்துவிட வேண்டும். பிழியக் கூடாது. இது முதல் சாறு, தெளிந்த சூப்புக்கு. அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டுக் காய்ச்சுவது இரண்டாம் சாறு. மிசோ என்ற சோயா விழுதைக் கரைக்கவும் காய் வேகவைக்கவும் அது போதும்.

இது நம் சொதி அல்லவா! தேங்காயின் மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பாலில் பாசிப்பருப்போடு சேர்ந்து கொதிக்கும், முதல் பால் கடைசியில். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். "கொதிக்கவிடாதே" என்று அம்மா சொன்னாள், நான் விட்டதில்லை. ஏன் என்று கேட்டதும் இல்லை. சென்செய் அன்று இன்னொரு பாத்திரத்தில் கொம்புவை வேண்டுமென்றே கொதிக்கவிட்டு, அதையும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். வழவழவென்று ஒரு கசப்பு. பதம் தப்பியதை எனக்கு ருசி பார்க்கக் கொடுத்த முதல் ஆள் அவர்தான். நம் வீட்டில் பதம் தப்பினால் திட்டு விழும், கீழே கொட்டிவிடுவோம். எங்கே தப்பியது என்பது நாக்குக்குத் தெரியாமலே போய்விடும். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு கிண்ணம் தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டுத் திரியவைத்துக் குடித்துப் பார்த்தேன். அம்மா பதறிப்போனாள்.

சித்தி சிரித்த அந்தத் தண்ணீரில் ஊறும் கொம்புவிலிருந்துதான் 1908இல் கிகுனாயே இகேதா என்ற வேதியியல் அறிஞர் சுவை தரும் குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். இதைப் பந்தியில் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

கையில் காசு இருப்பவள் பேச்சு என்று சிலர் சொல்வார்கள். நான் மாதத்துக்கு ஒரு வகுப்புதான் போனேன். அந்த மாதம் வெளியே சாப்பிடவில்லை. வீடியோ போதாதா என்றும் கேட்பார்கள். வீடியோ பார்த்தும் தாஷி வைத்திருக்கிறேன். கொம்புவைக் கொதிக்கவிட்டது நான்தான் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

கேட்டதற்கு வெளியே ஒன்று. திரும்பி வந்து சென்னையில் இரண்டு மாதம் வாடகைக்கு வீடு தேடினோம். "கருவாடு சமைப்பீர்களா?" என்று வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். ஒரு வீட்டில் முன்பணம் வரைக்கும் பேசிவிட்டு, உவரி என்று தெரிந்ததும் வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒசாகாவில் மொழி தெரியாத ஓர் அம்மா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு மீனைக் கையில் கொடுத்தார். நம் மொழி பேசுகிறவர்கள் நடையில் நிற்கவைத்து அனுப்பினார்கள். பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டோம்.

சேருமுன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் கையால் செய்யவிடுவார்களா, பார்க்க மட்டும்தானா? அந்தப் பொருள்கள் உங்கள் பக்கத்துக் கடையில் கிடைக்குமா? நீங்கள் சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஜப்பானில் வெறும் காய் என்று நாம் நினைப்பதிலும் மீன் சாறு இருக்கும், சாகே என்ற அரிசி மதுவும் சேரும். கேட்டால் காய்ந்த ஷீட்டாகே காளானும் கொம்புவும் ஊறவைத்துச் சைவச் சாறு எடுக்கச் சொல்லித் தருவார்கள். மற்ற நாடுகளிலும் இப்படி ஏதாவது இருக்கும்.

சித்தி சிரித்த அதே விடுமுறையில் ஆச்சிக்கு ஒரு கட்டை கொண்டுபோயிருந்தேன். தட்டினாள், முகர்ந்தாள், நாக்கில் வைத்தாள். "உப்பே இல்லையே, எப்படிக் கெடாமல் இருக்கிறது?" என்றாள். பூஞ்சை பிடிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி பூஞ்சை பிடிக்கவிட்டு, மாதக்கணக்கில் பக்குவம் செய்வார்கள் என்றேன். "பூஞ்சை பிடித்ததையா?" என்று வெகுநேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அம்மியில் வைத்துத் தட்டி, வற்றல் மிளகாய், தேங்காய், சின்ன உள்ளி, புளி, உப்பு வைத்து அரைத்துப் பழஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டாள். "அண்ணன் கொண்டுவருவதற்கு ஈடாகாது. ஆனால் வேலை தெரிந்தவர்கள்" என்றாள்.

திரும்பிப் போனதும் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் இதைச் சென்செய்யிடம் சொன்னேன். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் மாசிக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று இரவே உவரிக்கு போன் போட்டேன். "அளவென்ன அளவு, கடல் தண்ணீரிலேயே அவிப்பார்கள் என்று அண்ணன் சொல்லுவான்" என்றாள் ஆச்சி. அடுத்த வகுப்பில் அதைச் சொன்னேன், சென்செய் எழுதிக்கொண்டார்.