கிரேக்கம் படிக்க ஆசைப்படும் மகளுக்கு என்ன வழி?

அம்மா, மகள் பி.காம். கடைசி வருடத்தில் இருக்கிறாள், அடுத்து வேதாகமத்தின் கிரேக்கச் சொற்களைப் படிக்கப் போகிறேன் என்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் கிரேக்கம் போடாது. இறையியல் பட்டத்தோடு சேர்ந்தால் போடும், அதுவும் சுமாராகத்தான்.

முதலில் பி.காமை முடிக்கட்டும். பி.டி. எனும் இறையியல் இளநிலைப் படிப்பு பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 5 வருடம், பட்டதாரிகளுக்கு 4. பாதியில் விட்டு ஓடுவதில் லாபம் ஒன்றுமில்லை. சேரும் கல்லூரி, இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்ததா என்று பாருங்கள். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், பெங்களூரு யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ் எல்லாம் அதில் வரும். மதுரையில் தமிழிலேயே படிக்கலாம். ஆறே மாதத்தில் டாக்டர் பட்டம் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அழித்துவிடுங்கள்.

இனி அவளுடைய ஆசைக்கு வருவோம். செயலியில் ஒரு சொல்லைத் தொட்டால் அர்த்தம் வந்து விழுகிறது. அந்த ருசி வேறு, வகுப்பறை வேறு. ‘கிரேக்கத்தில் அகாப்பே என்றால் தேவ அன்பு’ என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பாள். 2 தீமோத்தேயு 4:10-ஐ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப் போனான் என்று இருக்கும். அந்த ஆசைக்கும் அகாப்பேயின் வினைச்சொல்தான். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில், அம்னோன் தாமார்மேல் மோகங்கொண்டதற்கும் (2 சாமுவேல் 13) அதே சொல். ஒரு சொல் வருகிற இடங்களையெல்லாம் தேடி, வாக்கியத்தோடு வைத்துப் பார்த்து, அப்புறம்தான் பொருள் சொல்ல வேண்டும். பிடித்த விளக்கம் உடைந்தால் வருத்தப்படுகிறவளா, இன்னும் ஆர்வமாகத் தோண்டுகிறவளா? பெற்ற உங்களுக்குத்தான் தெரியும்.

பணம் கட்டுவதற்குமுன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 24 எழுத்துகள் ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆளைத் திணற வைப்பது வினைச்சொல் வாய்பாடுதான். புதிய ஏற்பாட்டில் வெவ்வேறு சொற்கள் ஏறக்குறைய 5,400 இருந்தாலும், 50 தடவைக்கு மேல் வருபவை சுமார் 300தான். மொத்த வாசகத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதம் அவைதான். அந்த 300 சொற்களையும் வினை வாய்பாட்டையும் படித்துவிட்டு, நடை எளிதான யோவானின் முதலாம் நிருபத்தை அகராதியோடு வாசிக்கட்டும். அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தடுக்காதீர்கள்.

வேலை என்று பார்த்தால், தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களும் ஆயராகலாம். ஆனால் உங்கள் பகுதிச் சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலம் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். இறையியல் கல்லூரியில் கற்பிக்க எம்.டி.எச். எனும் முதுநிலைப் படிப்பில் புதிய ஏற்பாடு எடுத்து, முடிந்தால் முனைவர் பட்டமும் வாங்க வேண்டும். காலியிடங்கள் குறைவு. எனக்குக் கேட்டால், வேதாகம மொழிபெயர்ப்புப் பணியைச் சொல்வேன். பழங்குடி மொழிகளில் இன்னும் வேலை கிடக்கிறது. கிரேக்கத்தோடு மொழியியலும் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். ஒன்று மட்டும்: சில அமைப்புகளில் ஊழியரே தம் சம்பளத்துக்கான ஆதரவைத் திரட்ட வேண்டியிருக்கும். கூச்சப்படாமல் முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் வாங்குவதற்குமுன் உங்கள் ஆயரை ஒரு நடை பார்த்து, திருமண்டலம் மகளை அனுப்புமா, படிப்புச் செலவில் எவ்வளவு ஏற்கும் என்று விசாரியுங்கள். சொந்தச் செலவில் போவதாக இருந்தால், திரும்பி வந்ததும் வேலை தருவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள்.