மலையாள நடிகர் சத்யன் இறந்தது மாரடைப்பாலா?

இல்லை, ரத்தப் புற்றுநோய். 1971 ஜூன் 15 அன்று சென்னையில் மருத்துவமனையில் இறந்தார், வயது 58. மார்த்தாண்டத்தில் மலையாளப் படம் பார்த்து வளர்ந்த எங்கள் அம்மாவுக்கு அது இன்னும் ஆறாத துக்கம். ‘செம்மீன்’ படத்தில் சத்யன் நடித்த பழனியை அம்மா மறக்கவே இல்லை.

இந்த நோயில் எலும்பு மஜ்ஜை, கோளாறான வெள்ளையணுக்களை அளவில்லாமல் பெருக்கும். சிவப்பணுக்களுக்கும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுக்கும் அங்கே இடமிருக்காது. அதனால்தான் சோகை, ஓயாத களைப்பு, சின்னக் காயத்திலும் எளிதில் நிற்காத ரத்தம், அடிக்கடி காய்ச்சல். ரத்தம் ஏற்றினால் சில நாள் தெம்பு வரும், நோய் போகாது. இன்றுள்ள மருந்துகள் பல அன்றைக்கு இல்லை. அந்த உடம்போடும் அவர் படப்பிடிப்புக்குப் போய் நடித்தார் என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது.