பாலைவனத்தில் உக்ரைன் படையா? குரூப்பில் வந்த வீடியோவைச் சோதிப்பது எப்படி

கேள்வி: என் தம்பி மாலி நாட்டில் காயெஸ் பக்கம் சோலார் பேனல் பொருத்தும் வேலையில் இருக்கிறான். எங்கள் குடும்ப குரூப்பில் ஒரு வீடியோவும் இரண்டு படங்களும் சுற்றுகின்றன. மணல்வெளியில் ஒரு பிக்கப், அதன்மேல் உக்ரைன் கொடி, ஒருவர் கைநிறையத் தோட்டா. "தின்சாவாத்தேனில் ரஷ்யர்களை அடித்தது உக்ரைன் ராணுவம்தான்" என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? தம்பிக்கு ஆபத்து வருமா?

பதில்: சண்டை நடந்தது உண்மை. 2024 ஜூலை 25 முதல் 27 வரை, அல்ஜீரிய எல்லையை ஒட்டிய தின்சாவாத்தேனில், மாலி ராணுவத்தையும் அதோடு போன ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையையும், வட மாலியில் தனி நாடு கேட்டுப் போராடும் துவாரெக் இனக் கிளர்ச்சியாளர்கள் மறித்து அடித்தார்கள். அல்-காய்தா சார்பான ஜேஎன்ஐஎம் அமைப்பும் தான் தாக்கியதாக அறிவித்தது. தளபதி ஒருவர் உட்பட ஆட்களை இழந்ததை வாக்னரே டெலிகிராமில் ஒப்புக்கொண்டது.

உக்ரைன் பெயர் அடிபட்டது அதன் பிறகுதான். கிளர்ச்சியாளர்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்தது, தகவல் மட்டுமல்ல என்ற பொருள்பட உக்ரைன் ராணுவ உளவுத்துறையின் செய்தித் தொடர்பாளர் ஆந்திரி யூசோவ் தொலைக்காட்சியில் பேசினார். ஆகஸ்ட் 4-ல் மாலி உக்ரைனுடன் தூதரக உறவை முறித்தது. இரண்டு நாளில் நைஜரும் முறித்தது. உக்ரைன் வெளியுறவு அமைச்சகம் குற்றச்சாட்டை மறுத்தது.

ஆயுதமோ தகவலோ கொடுப்பது ஒன்று, பயிற்சி தருவது வேறொன்று, சிப்பாயே களத்தில் நிற்பது இன்னொன்று. யூசோவ் பேசியதை அப்படியே எடுத்துக்கொண்டாலும், சிப்பாய்கள் போய் நின்றார்கள் என்று ஆகாது. வெற்றி பெற்ற பக்கத்தில் தனக்கும் பங்கு இருந்ததாகக் காட்டிக்கொள்ள எந்த உளவுத்துறைக்கும் ஆசை இருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். கொடி இதைவிட பலவீனமான சாட்சி. நன்றி சொல்லவும் பிடிப்பார்கள், எதிரியை வெறுப்பேற்றவும் பிடிப்பார்கள்.

இனி சோதனை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்கள் அழிந்துபோயிருக்கும், அதைத் தேட வேண்டாம். வீடியோவை நான்கைந்து இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸிலும், யாண்டெக்ஸ் என்ற ரஷ்யத் தேடுதளத்திலும் தேடுங்கள். முகத்தை விட்டு, பின்னால் தெரியும் பாறை, கட்டடம், வண்டியை மட்டும் வெட்டித் தேடினால் பலன் அதிகம். இடவலம் திருப்பியும் ஒருமுறை தேடுங்கள், பழைய வீடியோவைத் திருப்பிப் போடுவது வழக்கமான தில்லுமுல்லு. 2024 ஜூலைக்கு முன்பே அது எங்காவது வந்திருந்தால் வேலை முடிந்தது.

வரவில்லையென்றால் நிழலைப் பாருங்கள். தின்சாவாத்தேன் ஏறத்தாழ 20 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஜூலை கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் அங்கே கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். சென்னையில் ஆண்டுக்கு இருமுறை வரும் நிழலில்லா நாள் போலத்தான். காலை 9 மணிக்கு நிழல் ஆள் உயரத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும், 12 மணிக்குக் காலடியில் ஒடுங்கிவிடும். டிசம்பரிலோ நண்பகலிலேயே ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு நிழல் விழும். ஆகவே "ஜூலை 26, நண்பகல்" என்று போட்ட படத்தில் நீள நிழல் கிடந்தால் தேதியோ நேரமோ பொய். இங்கே பலர் சறுக்குவது கடிகாரத்தில்: எல்லைக்கு அந்தப் பக்கம் அல்ஜீரியாவின் நேரம் மாலியைவிட 1 மணி முன்னால். எந்த நாட்டு நேரம் என்று தெரியாமல் முடிவு கட்டாதீர்கள்.

தோட்டாப் படத்தைப் பெரிதாக்கி உறையின் அடிப்புறத்தைப் பாருங்கள். சோவியத் வகைத் தோட்டாவில் பொதுவாக மேலே தொழிற்சாலை எண், கீழே ஆண்டின் கடைசி இரு இலக்கம் பொறித்திருக்கும். 270 என்றால் கிழக்கு உக்ரைனின் லுகான்ஸ்க் ஆலை. "உக்ரைன் தோட்டா, மாட்டிக்கொண்டார்கள்" என்று பலர் குதிப்பது இங்கேதான். கீழே 70-களின், 80-களின் ஆண்டு இருந்தால் அது சோவியத் சரக்கு, எத்தனையோ நாடுகளுக்குப் போனது. 2011-ல் கடாஃபி வீழ்ந்ததும் லிபியாவின் கிடங்குகளிலிருந்து கிளம்பிய ஆயுதங்கள் மாலிக்கும் வந்து சேர்ந்தன. போதாக்குறைக்கு, லுகான்ஸ்க் நகரமே 2014 முதல் உக்ரைன் கையில் இல்லை.

எந்த மாதிரிச் சான்று நிற்கும் என்பதற்கு லிபியாவே நல்ல உதாரணம். பான்ட்சிர் என்ற ரஷ்ய வான்பாதுகாப்பு ஏவுகணைச் சாதனம் 2019-ல் அங்கே தென்பட்டது. ரஷ்யா அதைக் காமாஸ் லாரியில் ஏற்றும். லிபியாவில் இருந்ததோ ஜெர்மனியின் மான் லாரியில். அப்படி ஏற்றி வைத்திருந்தது ஐக்கிய அரபு அமீரகம் மட்டுமே என்பதால், ஐ.நா. நிபுணர் குழு ஆயுதத் தடை மீறலை அந்த நாட்டின் பக்கம் திருப்பியது. அந்த லாரியும்கூடச் சரக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் சொல்லும். உள்ளே உட்கார்ந்து இயக்கியவர் யார் என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

படத்தை முதலில் போட்ட கணக்கையும் பாருங்கள். 2022 ஏப்ரலில் மாலியின் கோசியில் இருந்த தன் ராணுவ முகாமை மாலியிடம் ஒப்படைத்துவிட்டு பிரான்ஸ் வெளியேறியதும், அங்கே பிணங்களைப் புதைத்துவிட்டுப் போய்விட்டதாக ட்விட்டரில் படங்கள் வந்தன. முகாமுக்கு அருகே வெள்ளை இனச் சிப்பாய்கள் பிணங்களை மணலில் மூடும் டிரோன் காட்சியை பிரெஞ்சு ராணுவம் வெளியிட்டு, அவர்கள் வாக்னர் ஆட்கள் என்றது. எங்களை உளவு பார்த்தீர்கள் என்று மாலி பதிலுக்குப் பாய்ந்தது. டிரோன் காட்சியும் ஒரு தரப்பு கொடுத்ததுதான், அதையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

தம்பி விஷயம் வேறு. காயெஸ் மேற்குக் கோடி, தின்சாவாத்தேனிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல். அங்கே கவலை ஆள் கடத்தல்: 2025 ஜூலை 1-ல் காயெஸ் சிமெண்ட் ஆலை ஒன்றிலிருந்து மூன்று இந்தியர்கள் கடத்தப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து ஜேஎன்ஐஎம் எரிபொருள் லாரிகளைத் தாக்கத் தொடங்கியதால் சாலைப் பயணம் இன்னும் மோசம். பமாகோவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் அவர் பெயர், பாஸ்போர்ட் எண், வேலையிடம், உங்கள் தொலைபேசி எண் பதிவாகியிருக்கட்டும். வேலையிடத்துக்குப் போக வர ஒரே நேரம், ஒரே வழி வேண்டாம். இந்த வீடியோவை அவருக்கு அனுப்பாதீர்கள், ஏற்கெனவே போயிருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். சோதனைச் சாவடியில் போனை வாங்கிப் பார்க்கும் சிப்பாய்க்குக் கிளர்ச்சியாளர் படமும் உக்ரைன் கொடியும் கண்ணில் பட்டால், தமிழ் குரூப்பில் வந்தது என்று விளக்கி மீள்வது கஷ்டம்.