துணிக்கு அடியில் வைத்த புத்தகத்தை எடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பதரை மாதம். முதல் குழந்தை. பிறக்கும்போது 2.8 கிலோ. ஆறாம் மாதம் கிளினிக்கில் நிறுத்தபோது 6.6 கிலோ. "கொஞ்சம் கம்மிதான்" என்றார் மிஸ்ஸி (நர்ஸ்). கூட வந்திருந்த மாமியார் அதைக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். நாத்தனார் மகனுக்கும் இவள் வயதுதான். பிறந்தபோது 3.6 கிலோ, இப்போது 9.3 கிலோ, கொழுகொழுவென்று இருக்கிறான். என் மகள் தானாக உட்காருகிறாள், ஆனால் இன்னும் தவழவில்லை. நான் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். அந்த நேரத்தில் மாமியார்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். தாய்ப்பால், பால் மாவு, கஞ்சி எல்லாம் கொடுக்கிறோம். வீட்டுத் தராசில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று கணக்குப் பார்த்தால் 7 கிலோதான் வருகிறது. அடுத்த மாதம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டை போடுகிறோம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அதற்குள் எடை ஏற எந்தப் பால் மாவு, எந்த டானிக் கொடுக்கலாம்? கிளினிக் புத்தகத்தை மாமியார் கண்ணில் படாமல் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒன்பதாம் மாதத் தேதிக்குப் போகவில்லை, மொட்டை போட்ட பிறகு போகலாம் என்று இருக்கிறேன். அந்தப் புத்தகத்தில் இருக்கும் வளர்ச்சிக் கோடெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வரைந்தது என்று வேலையிடத்துத் தோழியும் சொல்கிறாள்.
- வாசகி, பிறை

பதில்: அம்மா, "உங்கள் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், கவலைப்படாதீர்கள்" என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதமாட்டேன். மூன்று மாதமாக அவளை யாரும் ஒழுங்காக நிறுத்துப் பார்க்கவில்லை. பார்க்காத எடைக்கு நான் எப்படி உறுதி சொல்வது?

உங்கள் கடிதத்தில் கிலோ கணக்கு நிறைய இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கணக்கை இல்லை, துணிக்கு அடியில் வைத்த புத்தகத்தை. போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு வருகிற இந்த மாதிரிக் கடிதங்களில் எங்காவது ஒரு மூலையில் இப்படி ஒரு வரி இருக்கும். எண்ணை மாற்றிச் சொல்லியிருப்பார்கள், தேதியைத் தள்ளிப் போட்டிருப்பார்கள், புத்தகம் தொலைந்துவிட்டது என்றிருப்பார்கள். எல்லாம் பெரியவர்களின் வாய்க்குப் பயந்து. பிள்ளையின் எடை உங்கள் பரீட்சை மார்க் இல்லை அம்மா, அப்பாவிடம் காட்டாமல் ஒளித்துவைப்பதற்கு. அது அவளுடைய உடம்பின் கணக்கு. அதை மறைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

யாரிடமிருந்து மறைக்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? நீங்கள் வேலையில் இருக்கும் நேரமெல்லாம் உங்கள் மகளுக்குச் சோறூட்டுகிறவரிடமிருந்து. எவ்வளவு சாப்பிடுகிறாள், எதைத் துப்புகிறாள், பால் மாவை எந்தக் கணக்கில் கலக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் உங்கள் மாமியார்தான். கோடு சரிந்தால் சாப்பாட்டை மாற்றவேண்டியவரும் அவர்தான். நீங்கள் இரவு ஷிஃப்டில் இருக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறவரும் அவர்தான். என்னென்ன ஊசி போட்டிருக்கிறது என்று டாக்டர் கேட்பார். மாமியார் எதைக் காட்டுவார்?

சரி, நீங்கள் பயந்து மூடிவைத்த அந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2.8 கிலோவில் பிறந்தவள் ஆறு மாதத்தில் 6.6 கிலோ. பெண் குழந்தைகளுக்கான வளர்ச்சி அட்டவணையில் நடுக்கோடு என்பது பாதிப் பிள்ளைகள் அதற்கு மேலேயும் பாதிப் பிள்ளைகள் கீழேயும் இருக்கிற கோடு. பிறப்பின் நடுக்கோடு 3.2 கிலோ, ஆறு மாதத்தின் நடுக்கோடு 7.3 கிலோ. இரண்டு முறையும் உங்கள் மகள் நடுக்கோட்டுக்குக் கீழே ஒரே இடத்தில்தான் இருந்தாள். அந்த ஆறு மாதத்தில் அவள் தன் பாதையைவிட்டு இறங்கவே இல்லை. "கொஞ்சம் கம்மி" என்ற ஒரு சொல்லை மாமியார் பிடித்துக்கொண்டார். கோடு எப்படிப் போகிறது என்று அன்றைக்கு நீங்களும் மிஸ்ஸியிடம் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று மாத அழுகை மிச்சமாகியிருக்கும்.

நாத்தனார் மகனைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தாதீர்கள். அவன் ஆண் பிள்ளை, அவனுக்கு அட்டவணையே வேறு. ஒன்பது மாதத்தில் ஆண் பிள்ளைகளின் நடுக்கோடு 8.9 கிலோ, பெண் பிள்ளைகளுக்கு 8.2. அவன் 3.6 கிலோவில் பிறந்தவன். நடுக்கோட்டுக்கு மேலே தொடங்கினான், இன்றும் மேலேதான் இருக்கிறான். அவன் பாதை அவனுக்கு. உங்கள் மகள் அவனை எட்டிப் பிடிக்க வேண்டிய அவசியம் என்ன?

உங்கள் மகள் பழைய பாதையிலேயே வந்திருந்தால் இப்போது ஏழேகால் கிலோவுக்கு மேல் இருக்கவேண்டும். உங்கள் தராசு 7 என்கிறது. சரிந்துவிட்டாளா? அந்தத் தராசை வைத்துச் சொல்லவே முடியாது. முதல் இரண்டு மூன்று மாதங்களில் குழந்தை மாதத்துக்கு முக்கால் கிலோவுக்கு மேலேயே ஏறும். ஒன்பது மாதம் ஆகும்போது அது கால் கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். அது இயற்கை. ஆனால் அவ்வளவு சின்ன ஏற்றத்தைப் பெரியவர்கள் ஏறி நிற்கிற தராசில், பிள்ளை கையில் நெளிந்துகொண்டிருக்கும்போது கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? துணியைக் கழற்றி, குழந்தைத் தராசில் படுக்கவைத்தோ உட்காரவைத்தோ பார்க்கவேண்டும். அதற்குத்தான் கிளினிக்.

இன்னொன்றும் கவனித்தேன். கடிதம் முழுக்க எடை, எடை, எடை. நீளம் எவ்வளவு, தலைச் சுற்றளவு எவ்வளவு என்று ஒரு சொல் இல்லை. முதல் வருடத்தில் குழந்தை ஏறக்குறைய 25 செண்டிமீட்டர் நீளும். தலை 11 செண்டிமீட்டர் அளவுக்குப் பெருக்கும், ஏனென்றால் உள்ளே மூளை அந்த வேகத்தில் வளர்கிறது. சாப்பாடு போதாமல் போனால் முதலில் எடைதான் தேங்கும். அப்படியே விட்டால் நீளம் தேங்கும். தலை கடைசியில்தான். எடை பரவாயில்லை, நீளம் மட்டும் நின்றுவிட்டது என்றால் டாக்டர் வேறு காரணங்களைத் தேடுவார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிள்ளை வெறும் ஒல்லியா, உள்ளே ஏதாவது கோளாறா என்று பிரித்துச் சொல்லமுடியும். கொழுகொழு என்பது சொந்தக்காரர்களின் அளவு. எந்த டாக்டரும் அதைக் குறித்துவைப்பதில்லை.

புத்தகத்தில் இருக்கும் கோடு வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வரைந்தது என்று உங்கள் தோழி சொன்னது தவறு. உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளுக்காக பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவில் டெல்லியில். தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகள் அவர்கள். இனம் எதுவானாலும் சின்ன வயதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். ஆகவே "நம் பிள்ளைகள் இப்படித்தான் சின்னதாக இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு சரிகிற கோட்டைப் பார்க்காமல் விடாதீர்கள். நம் வீடுகளில் இந்தப் பேச்சால் எத்தனையோ பிள்ளைகளின் இரத்தச்சோகை கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடம். ஒன்பதாம் மாதத் தேதி என்பது எடை பார்க்கிற தேதி மட்டும் இல்லை. நம் மலேசியாவில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து முதல் ஊசி போடுவது ஒன்பதாம் மாதத்தில். இரண்டாவது பன்னிரண்டாம் மாதத்தில். நீங்கள் உங்கள் உடம்பிலிருந்து பிள்ளைக்குக் கொடுத்தனுப்பிய பாதுகாப்பு இந்த வயதுக்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். தட்டம்மை காற்றில் பரவும். நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்த இடத்துக் காற்றில் தங்கும். நிமோனியாவில் கொண்டுபோய் விடும், சில பிள்ளைகளுக்கு மூளைவரை தாக்கும். இந்தப் பாதுகாப்பு இல்லாத பிள்ளையைத்தான் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போகப்போகிறீர்கள். மொட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டது, நல்லது, போடுங்கள். ஆனால் ஊசி முதலில். போட்ட மறுநாளே அது வேலை செய்யாது, இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதனால் இந்த வாரமே போகவேண்டும். தவறவிட்ட தேதிக்காகக் கிளினிக்கில் யாரும் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். மிஸ்ஸி இரண்டு வார்த்தை கடிந்து பேசினால் பேசட்டும், கேட்டுக்கொள்ளுங்கள்.

டானிக் பெயர் நான் சொல்லமாட்டேன். பால் மாவின் பெயரும் சொல்லமாட்டேன். ஒன்பது மாதப் பிள்ளையின் வயிற்றில் பால் நிறைந்துவிட்டால் சோற்றுக்கு இடம் இருக்காது. அவளுக்கு இப்போது குறைகிறது என்றால் கஞ்சியில்தான் குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளில் ஊட்டுகிற கஞ்சி பெரும்பாலும் தண்ணீராக ஓடும். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. கரண்டியைச் சாய்த்தால் வழியாத அளவுக்குக் கெட்டியாக இருக்கவேண்டும். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு தீரத் தொடங்கும், தாய்ப்பாலில் இருப்பது அதற்குமேல் போதாது. ஆகவே கோழி, ஈரல், முள் நீக்கிய மீன், நன்றாக வேகவைத்த முட்டை, பருப்பு, தவ்வு (டோஃபு), கீரை என்று தினம் ஏதாவது ஒன்றைச் சோற்றோடு மசித்துப் போடுங்கள். மேலே ஒரு சின்னக் கரண்டி எண்ணெயோ நெய்யோ. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை, வேளைக்கு அரைக் கப். உப்பும் சீனியும் வேண்டாம். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் நரம்புகளை முடக்கிவிடும். மாமியார் நாக்கில் தேன் தடவுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பால் மாவைத் தகரத்தில் போட்டிருக்கும் அளவில்தான் கலக்கவேண்டும், தண்ணீரைக் கூட்டவும் கூடாது, மாவைக் கூட்டவும் கூடாது.

தவழாததைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிமூன்றரை மாதம்வரைகூட ஆரோக்கியமான குழந்தைகள் தவழத் தொடங்குவதுண்டு. தவழாமலே எழுந்து நடக்கிறவர்களும் உண்டு. தானாக உட்காருகிறாள், அது முக்கியம். பாயை விரித்துக் குப்புறப் படுக்கவிடுங்கள், பொம்மையைக் கொஞ்சம் எட்ட வையுங்கள். யாராவது வாக்கர் வாங்கித் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படியில் உருண்டு மண்டை உடைந்த பிள்ளைகள்தான் அதிகம். கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் ஒருவர் வரவே இல்லை: பிள்ளையின் அப்பா. மாமியார் பேசுகிறார், நாத்தனார் வருகிறார், தோழிகூட வருகிறாள். அவர் எங்கே அம்மா? தன் தாய் தன் மனைவியை மூன்று மாதமாகக் குத்திப் பேசும்போது, அந்தப் பேச்சை நிறுத்தவேண்டிய கடமை மகனுக்கு. மருமகள் எதிர்த்துச் சொன்னால் சண்டையாகும். மகன் சொன்னால் ஒரு நாள் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். பிள்ளை இருவருக்கும் பிறந்தது. அவளுடைய ஊசித் தேதி அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். பொண்டாட்டி பார்த்துக்கொள்வாள் என்று இருக்கும் ஆண்பிள்ளையை நான் நல்ல தகப்பன் என்று சொல்லமாட்டேன். இன்று இரவே புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுங்கள். வளர்ச்சிக் கோடு இருக்கும் பக்கத்தைத் திறந்து, இரண்டு புள்ளியையும் காட்டி, ஒன்பதாம் மாதப் புள்ளி இல்லாத இடத்தையும் காட்டுங்கள்.

இந்த வாரம் ஒரு நாள் காலையில் அவர் லீவு போட்டுக்கொண்டு உங்களோடு தாய்சேய்க் கிளினிக்குக்கு வரவேண்டும். மூன்று அளவையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், புள்ளி வைத்து கோட்டை உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள், இரத்தம் சோதிக்கவேண்டுமா என்றும் கேளுங்கள். கோடு முன்பு போன பாதையிலேயே இருந்தால் சாப்பாட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த தேதிக்குப் போனால் போதும். தட்டையாகி நின்றிருந்தாலோ, கீழே இருக்கும் கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தாலோ டாக்டரைப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். மாமியாரையும் அழைத்துப் போங்கள். ஊட்டுகிறவர் அவர், டாக்டர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவரிடம்தான் பதில் இருக்கிறது. மிஸ்ஸி சொல்வதை அவரும் கேட்கட்டும், இந்த முறை உங்கள் இருவருக்கும் நடுவில் உங்கள் கணவர் உட்கார்ந்திருக்கட்டும்.