இருட்டிலேயே டெட்ராசைக்ளின் குறைகிறது, மூன்றாம் சுழற்சியில் வேகம் பாதியாகிறது: பதில்

வணக்கம். லிட்டருக்கு 20 மி.கி. டெட்ராசைக்ளின் (நுண்ணுயிர்க்கொல்லி மருந்து) உள்ள கரைசலில், அதை ஒளியில் சிதைக்கும் வினையூக்கியாக 0.5 கிராம் துத்தநாக ஆக்சைடு–கார்பன் நைட்ரைடு கலவைத் தூளைப் போட்டதும், விளக்குப் போடும் முன்பே 357 நானோமீட்டரில் மருந்து ஒளியை உறிஞ்சும் உச்சம் பெரிதாகக் குறைகிறது, அதே தூளை மூன்றாம் முறை பயன்படுத்தும்போது சிதைவின் வேகம் பாதியாகிறது என்கிறீர்கள். இருட்டில் குறைவது சிதைவு அல்ல, பரப்புக் கவர்ச்சி, அதாவது மருந்து மூலக்கூறுகள் தூளின் பரப்பில் ஒட்டிக்கொள்வது. இருட்டில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்துவந்த பிறகே விளக்கு. தொடக்கச் செறிவு அந்த மதிப்புதான், பாட்டிலில் ஊற்றியது அல்ல. வினையூக்கி இல்லாமல் வெறும் ஒளியிலும் ஓட்டிப் பாருங்கள். புற ஊதாவில் டெட்ராசைக்ளின் தானாகவே சிதையும்.

மூன்றாம் சுழற்சிச் சரிவில் முதல் சந்தேகம் எடைதான். சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கருவி) ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூள் போய்விடும். உலர்த்தி எடை போட்டு, கரைசலின் கனஅளவை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். எடை சரியாக இருந்தால் பிஎச் பாருங்கள். அமிலக் கரைசலில் துத்தநாக ஆக்சைடு கரையும். வெளிவரும் துத்தநாக அயனி டெட்ராசைக்ளினோடு அணைவுச் சேர்மமாகி உச்சத்தையே நகர்த்தும், 357-இல் எடுத்த கணக்கு பொய்யாகிவிடும். பிஎச் 7-ஐ ஒட்டி வையுங்கள்.

விளக்கின் கீழ் உச்சம் மறைந்தது என்றால் மூலக்கூறில் அந்த ஒளியை உறிஞ்சும் பகுதி மாறிவிட்டது என்று மட்டுமே பொருள், அது முழுதாகக் கார்பன் டை ஆக்சைடாகிவிட்டது என்று அல்ல. அதை அறிய, கரைசலில் மிஞ்சியிருக்கும் மொத்தக் கரிமக் கார்பனை அளந்தே ஆகவேண்டும். தொடக்கத்தில் போட்ட 20 மி.கி. டெட்ராசைக்ளினில் கார்பன் சுமார் 12 மி.கி. தூளை எத்தனாலில் கழுவினால் கடைசியில் தண்ணீரில் நன்றாக அலசி, 60 டிகிரியில் உலர்த்துங்கள். மிஞ்சும் எத்தனாலும் கார்பன் கணக்கில் ஏறிவிடும்.