கிக்கர் மட்டும் உள்ள அப்பாவின் 2007 ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸை 15,000 ரூபாய்க்குள், படத்தில் பார்த்த கஃபே ரேசர் மாதிரி மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட அந்த கஃபே ரேசர் (தேவையில்லாததைக் கழற்றி, ஹேண்டிலைத் தாழ்த்திய வண்டி) வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் டயரும் ரிம்மும் மட்டுமே உங்கள் 15,000-த்தைத் தின்றுவிடும். உங்கள் பணத்துக்கு வருவது, நன்றாக ஓடுகிற, நன்றாக நிற்கிற, பார்க்கக் கொஞ்சம் கச்சிதமான ஒரு ஸ்ப்ளெண்டர். அது போதும் என்றால் மேலே படியுங்கள்.

நானும் இதே வண்டியில் இதே ஆசையில் காசைக் கரியாக்கியவன்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் கைக்கு வந்த மறுநாளே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில் பார், வட்ட ஹெட்லைட், ஹேண்டில் முனையில் மாட்டுகிற கண்ணாடி, கைப்பிடி, குட்டி இண்டிகேட்டர் என்று 6,500 ரூபாய்க்கு அள்ளிக்கொண்டு வந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே மாட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் வண்டியைத் தெருவுக்கு எடுக்க ஹேண்டிலை முழுசாக ஒடித்தேன், ஆக்சிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் அலறியது. ஹேண்டிலின் உயரம் மாறினால் கேபிள் போகிற பாதையும் மாறும், திருப்பும்போது அது இழுபடும் என்பதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதைச் சரி பண்ணினேன். ஆனால் அந்த ஐப்பசி மழையில் பாடி மேம்பாலத்து இறக்கத்தில் பின் பிரேக்கை மிதித்தபோது பின்சக்கரம் தன் வழியில் போய்விட்டது. டயர் மொட்டை. ஆறாயிரத்து ஐந்நூறுக்கு அலங்காரம் பண்ணியவனுக்கு டயரைத் தடவிப் பார்க்கத் தோன்றவில்லை. முழங்காலில் ஏழு தையல்.

அதனால் என் பதிலில் டயர்தான் முதலில் வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வண்டிக்கு இரண்டு பக்கமும் 2.75-18 தான் கம்பெனி அளவு. பின்னால் 3.00-18 போடலாம், நிறையப் பேர் போடுகிறார்கள், பார்வைக்கும் கொஞ்சம் திடமாக இருக்கும். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். 97.2 சிசி இன்ஜின், சக்தி ஏழரைக் குதிரைக்குப் பக்கம்; பெரிய டயரை இழுக்கவே அதற்கு ஏழரை பிடித்துவிடும், மைலேஜும் போகும். கடையில் வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், பாருங்கள். 2324 என்று இருந்தால் 2024-ஆம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். மூன்று நான்கு வருடம் கடையிலேயே கிடந்த டயரைத் தள்ளுபடி என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு டயர், இரண்டு டியூப், மாட்டுகூலி எல்லாம் சேர்த்து எனக்கு 3,600 ஆயிற்று. மாட்டும்போதே ரிம்மில் கோட்டம் எடுத்துவிடச் சொல்லுங்கள். தனியாக ஓட்டினால் காற்று முன்னால் 25, பின்னால் 28.

அடுத்து பிரேக். டிஸ்க் போடலாமா என்று கேட்பீர்கள். ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்), வீல், மாஸ்டர் சிலிண்டர் என்று அது தனிச் செலவு, உங்கள் பட்ஜெட்டில் இடமில்லை. டிரம் பிரேக்கைக் குறை சொல்கிறவர்களில் பாதிப்பேர் அதை ஒழுங்காகப் பராமரித்ததே இல்லை என்பது என் கட்சி. சக்கரத்தைக் கழற்றி, புது பிரேக் ஷூ (டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்தும் கட்டை) போட்டு, டிரம்முக்குள் படிந்த தூசியைத் துடைத்து உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஷூவை விரிக்கும் பிரேக் கேம்மைப் பிடுங்கி துரு எடுத்து ஒரு பொட்டு கிரீஸ் வைத்து (ஷூவில் பட்டுவிடாமல்), முன் பிரேக் கேபிளையும் புதிதாக மாற்றிப் பாருங்கள். மொத்தமே 900 ரூபாய் வேலை. அதே வண்டி வேறு மாதிரி நிற்கும். டிரம்முக்குள் வரி வரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஒரு கடைசல் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஏற்கனவே தேய்ந்த டிரம் என்றால் அதுவும் வேண்டாம்.

கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்), ஃபோர்க் ஆயில், ஆயில் சீல் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள், ஏனென்றால் கழற்றுகிற கூலி ஒன்றுதான். பதினைந்து வருடம் தாண்டிய வண்டியில் ஹேண்டில் நேராக வரும்போது ஒரு இடத்தில் லேசாகச் சிக்கி நிற்கும். அது கோன் தேய்ந்ததன் அடையாளம். பின் ஷாக் அப்சார்பர் ஜோடி 1,500 சுற்றி. செயின் ஸ்ப்ராக்கெட் செட்டை வாங்கினால் செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும்.

இப்போது லைட். இதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். உங்களுடையது கிக்கர் மட்டும் உள்ள பழைய மாடல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை, இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ காயிலிலிருந்து ஏசியாக நேராக வருகிறது (பேட்டரி கொடுப்பது டிசி). அதனால்தான் சிக்னலில் நிற்கும்போது மங்குகிறது, ஆக்சிலேட்டரைத் திருகினால் எரிகிறது. பேட்டரியோ வெறும் 2.5 ஆம்பியர் ஹவர். எல்இடி பல்பை வாங்கி நேராக பேட்டரியில் கோத்துவிட்டால் நான்கு நாளில் ஹாரன் செத்த கோழி மாதிரி கத்தும். 35 வாட் பல்பு இருந்த இடத்தில் 100 வாட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காயிலால் அவ்வளவு கொடுக்கவே முடியாது, வெளிச்சம் இன்னும் குறையும், வயரும் ஹோல்டரும் சூடேறுவதுதான் மிச்சம். ஏசி, டிசி இரண்டிலும் எரியும் என்று போட்டிருக்கிற எல்இடி பல்பு கிடைக்கிறது, அதைப் போடுங்கள். இல்லை, நல்ல எலக்ட்ரீஷியன் இருந்தால் டிசிக்கு மாற்றச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள்: பழைய ஹோல்டரையும் எர்த் வயரின் முனையையும் சுத்தம் பண்ணிவிட்டு, மஞ்சளாகிப்போன ஹெட்லைட் கண்ணாடியையும் மாற்றி அதே 35 வாட்டைப் போட்டுப் பாருங்கள். எனக்கு அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

இன்ஜினில் கை வைக்காதீர்கள். கூம்பு மாதிரி இருக்கும் ஏர் ஃபில்டர், சத்தம் போடும் சைலன்சர் எதுவும் இந்த இன்ஜினுக்கு வேகம் கொடுக்காது. கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணி, டேப்பட் (வால்வு இடைவெளி) அட்ஜஸ்ட் பண்ணி, புது பிளக் போட்டால் போதும்.

அப்புறம்தான் தோற்றம். கஃபே ரேசர் என்பதே லண்டனில் 1950-60களில் கையில் காசில்லாத பையன்கள் ஆரம்பித்தது. சாதாரண வண்டியில் தேவையில்லாததைக் கழற்றி எடையைக் குறைத்து, ஹேண்டிலைத் தாழ்த்தி, ஏஸ் கஃபே மாதிரியான டீக்கடைகளுக்கு இடையே பறந்தார்கள், மணிக்கு நூறு மைலைத் தொட்டுவிட வேண்டும் என்பதுதான் கனவு. ஆக, கூட்டுவது அல்ல, குறைப்பதுதான் இந்த ஸ்டைல். ஸ்ப்ளெண்டருக்கு அது நன்றாகவே பொருந்தும், டேங்க் நேர்க்கோட்டில் இருக்கிறது. டேங்க் ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்துவிடுங்கள் (மேலே லாக்கர் என்கிற பளபளப்புப் பூச்சு அடித்திருந்தால் உரியாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்). வெறும் கறுப்பு டேங்க்கைப் பார்த்தாலே வண்டி வேறு வண்டியாகத் தெரியும்.

பெயிண்ட் நீங்களே அடிப்பதாக இருந்தால், பெட்ரோலை முழுசாக வடித்துவிட்டு, டேங்க்கைக் கழற்றி, 220 உப்புத்தாள், 400, பிறகு தண்ணீர் வைத்து 800 என்று போங்கள். துரு பிடித்த இடத்தைத் தகடு தெரியும்வரை தேய்க்காமல் மேலே பட்டி பார்த்தால் ஆறு மாதத்தில் கொப்புளம் விடும். பிரைமர் இரண்டு கோட், கலர் மூன்று கோட், மெலிதாக. ஒரே கோட்டில் மூட நினைத்தால் கண்ணீர் மாதிரி வழியும், நான் வழியவிட்டிருக்கிறேன். மழைக்கால ஈரத்தில் அடிக்காதீர்கள். சாமான் செலவு 1,500. ஆர்.சி.யில் கறுப்பு என்று இருந்தால் கறுப்பே அடியுங்கள். கலரை மாற்றினால் ஆர்டிஓவில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

சீட்டுக்குப் புதுத் தகடு வாங்காதீர்கள். பழைய சீட்டையே எடுத்துக்கொண்டு சீட் கடைக்குப் போய், பஞ்சை மேலே சமமாக வெட்டி, பழுப்பு ரெக்ஸினில் குறுக்குத் தையல் போட்டுத் தரச் சொன்னால் ஆயிரத்துக்குள் முடியும். பின்னால் ஒரு ஆள் உட்காரவும் இடம் இருக்கும். யூடியூபில் பார்த்துவிட்டு சேசிஸின் வாலை அறுத்து வளையம் வெல்டிங் பண்ணுவார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. சாரி கார்டைக் கழற்றுவதும் விதிமீறல்தான், அது அழகில்லை என்பீர்கள், ஆனால் அம்மா புடவை கட்டிக்கொண்டு பின்னால் உட்காரும் வண்டி அது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் கேள்வி வேறு.

புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்கலாமா என்றால், வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். சைடு பேனல், மீட்டர் கூடு, மட்கார்டு, இண்டிகேட்டர் எல்லாம் பழசில் பாதி விலைக்குக் கிடைக்கும். பிரேக் ஷூ, டயர், பேரிங், கேபிள் நான்கையும் பழசில் தொடவே கூடாது. இன்ஜின் பாகம் எதையும் பில் இல்லாமல் வாங்காதீர்கள், அது யார் வண்டியிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

ஹேண்டில் பார் பற்றிச் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். நேராக இருக்கிற, தாழ்வான சாதா பார் ஒன்று 500 ரூபாய்க்குக் கிடைக்கும், அதை மட்டும் போடுங்கள். மாட்டியதும் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். சத்தம் ஏறினால் கேபிள் பாதையைச் சரி பண்ணாமல் தெருவுக்கு எடுக்காதீர்கள். எல்லாம் போக 15,000-இல் எனக்குக் கையில் 1,800 மிச்சம் இருந்தது, அதில் ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கினேன்.

கடைசியாக, 2007 வண்டி என்றால் 2022-இல் ஒரு முறை ஆர்.சி. புதுப்பித்திருப்பீர்கள், அடுத்தது 2027. கழற்றுகிற பழைய ஹேண்டில், கண்ணாடி, இண்டிகேட்டர் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள், நட்டு போல்ட்டைத் தனிக் கவரில்.