பழைய ராமோடு புது ராம் சேருமா?

மண்டபத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு டெஸ்க்டாப்புக்கு ராம் கூட்ட நினைக்கும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு, கையில் பட்டதை வைத்துப் பதில் சொல்கிறேன். ராம் என்றால் கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். அது பொருத்தப்பட்டிருக்கும் நீளமான அட்டைதான் ஸ்டிக். டிடிஆர்3, 4, 5 என்பது அதன் தலைமுறை.

தங்கச்சிமடம், இ-சேவை மையம்: அண்ணே, எங்களுடையது ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர். டிடிஆர்4 2133 ஸ்பீடில் 4 ஜிபி இருக்கிறது. வேறு கம்பெனியின் 8 ஜிபி, 2666 ஸ்பீடு, ஒன்று கிடைத்திருக்கிறது. சேர்த்துப் போடலாமா?

தாராளமாகப் போடலாம் தம்பி. ஒவ்வொரு ஸ்டிக்கிலும் அதன் வேகம், டைமிங், வோல்டேஜ் எல்லாம் எழுதிவைத்த ஒரு குட்டி சிப் உண்டு. மிஷின் ஆன் ஆகும்போது பயாஸ் (மிஷினைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்) இரண்டையும் படித்து, இரண்டுக்கும் ஒத்துவரும் வேகத்தில் ஓட்டும். 2666 ஸ்டிக் 2133-க்கு இறங்கி வரும். இதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை, ஏனென்றால் அந்த ஐ3-யே 2133 வரைக்கும்தான். கம்பெனி வேறு என்று பயப்பட வேண்டாம். மேலே எந்த ஸ்டிக்கர் இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் பெரும்பாலும் சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றில் ஒன்றுதான்.

4-ம் 8-ம் சேர்ந்தால் டூயல் சேனல், அதாவது இரண்டு ஸ்டிக்கிலும் ஒரே நேரத்தில் தரவு ஓடும் இரட்டைப் பாதை, போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். இன்டெல் போர்டில் முழுசாகப் போகாது. இரண்டிலும் நாலு நாலு ஜிபி ஜோடியாக ஓடும், மிச்சம் 4 ஜிபி மட்டும் ஒற்றைச் சேனலில் ஓடும். பத்து டேப் திறந்து சான்றிதழ் விண்ணப்பம் ஏற்றுகிற வேலைக்கு, 4 ஜிபியில் திணறுவதைவிட 12 ஜிபி எவ்வளவோ மேல்.

ஏர்வாடி: டிடிஆர்3-ஐயும் டிடிஆர்4-ஐயும் ஒரே போர்டில் கலக்கலாமா?

கூடாது. டிடிஆர்3-க்கு 240 பின் (ஸ்டிக்கின் கீழ் ஓரத்துப் பற்கள்), 1.5 வோல்ட், 4-க்கு 288 பின், 1.2 வோல்ட். பற்களின் நடுவே இருக்கும் பள்ளமும் இடம் மாறியிருக்கும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், ஸ்லாட் உடைந்துவிடும்.

ராமேஸ்வரம், லாட்ஜ்: புது ஸ்டிக் போட்டதும் டிஸ்ப்ளே வரவில்லை, நீளமாக பீப் சத்தம் மட்டும். வேறு வேறு ராம் சேராது என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதானா?

அந்த முடிவுக்கு வருமுன் ஸ்டிக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊரில் கேபினட் ஸ்குரூவே இரண்டு வருடத்தில் துரு ஏறிவிடுகிறது. ஸ்டிக்கின் கீழ் ஓரத்தில் இருக்கும் தங்க முலாம் பூசிய பற்களும் தப்புவதில்லை. முலாம் மெல்லியது. அதிலிருக்கும் நுண்துளை வழியாக உப்பு ஈரம் இறங்கி அடியில் இருக்கும் உலோகத்தை அரிக்கும். பளபளப்பு மங்கி, ஓரத்தில் புள்ளி புள்ளியாகப் பச்சை தெரியும். அசையாமல் கிடந்தவரை பழைய ஸ்டிக் எப்படியோ ஓடியிருக்கும். புதுசைப் போட அதைத் தொட்டு ஆட்டியதும் தொடர்பு விட்டுப் போகும், பழி கலப்பின் மேல் விழும். என் கடைக்கு 'ராம் சேரவில்லை' என்று வருவதில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டு, இரண்டு ஸ்டிக்கையும் எடுங்கள். பென்சில் ரப்பரால் பற்களை மெதுவாக, ஒரே திசையில் தேயுங்கள். ரப்பரில் கறுப்பாக ஒரு கோடு வரும், அதுதான் எதிரி. பேனா மையை அழிக்கும் சொரசொர ரப்பர் வேண்டாம், முலாமைச் சுரண்டிவிடும். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடையுங்கள். ஸ்லாட்டுக்குள் உலர்ந்த மெல்லிய பிரஷ் மட்டும் போதும். எண்ணெய் ஸ்பிரே எதையும் அடிக்காதீர்கள், தூசியும் உப்பும் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரே ஒரு ஸ்டிக்கை ஒவ்வொரு ஸ்லாட்டிலும், அடுத்து மற்றதை அதேபோல் போட்டுப் பாருங்கள். எது தனியாகவே ஓடவில்லையோ அதுதான் கெட்டது. தனித்தனியாக ஓடி, சேர்த்தால் மட்டும் நின்றால்தான் சேரவில்லை என்று சொல்ல வேண்டும்.

கீழக்கரை, போட்டோ ஸ்டூடியோ: 3200 ஸ்பீடில் 8 ஜிபி இரண்டு இருந்தது. அதே கம்பெனி, அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கினேன். ஆல்பம் வேலை நடுவில் நீலத் திரை வருகிறது. ஒரே மாடல்தானே?

காக்கா (அண்ணே), பெட்டியில் மாடல் எண் ஒன்றாக இருந்தாலும், வேறு மாதத்தில் செய்ததில் உள்ளே வேறு சிப் இருக்கலாம். உங்கள் 3200 எக்ஸ்எம்பி வழியாக வருகிறது. அந்த ஜோடிக்குச் சோதித்து வைத்த கூடுதல் வேக அமைப்பு அது, நாலு ஸ்டிக்குக்கு உத்தரவாதம் இல்லை. நாலும் சேர்ந்தால் பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும். பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். நிலையாக வேலை செய்தால் 2666, 2933 என்று ஒவ்வொரு படியாக ஏற்றலாம். போட்டோ வேலைக்கு வேகத்தைவிட அளவு முக்கியம். 32 ஜிபி 2666-இல் அசையாமல் ஓடுவதே எனக்குப் போதும்.

டிடிஆர்5-க்கு மாறும் எண்ணமிருந்தால் முதலிலேயே பெரிய ஸ்டிக் இரண்டாக வாங்கிவிடுங்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 பிராசசர் வரிசையில் இரண்டு ஸ்டிக்குக்கு அந்தக் கம்பெனி சொல்லும் வேகம் 5200, நாலு போட்டால் 3600.

தொண்டி, கல்லூரி மாணவர்: எச்61 போர்டுக்கு ஆன்லைனில் டிடிஆர்3 4 ஜிபி பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா அண்ணே?

விவரத்தில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று எழுதியிருந்தால் விட்டுவிடு தம்பி, உன் இன்டெல் போர்டு அதை ஏற்காது. சர்வரில் கழற்றிய ரெஜிஸ்டர்டு ராமும் ஆகாது. விலை குறைவு என்று இந்த இரண்டில் ஒன்றைத்தான் தள்ளிவிடுகிறார்கள்.

பாம்பன்: 2666 என்று வாங்கிய ராம், சிபியு-இசட் மென்பொருளில் 1333 என்று காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. அது காட்டுவது ராமின் கடிகாரத் துடிப்பு. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகும். 1333-ஐ இரண்டால் பெருக்குங்கள்.

பாம்பன், மீன் கம்பெனிக் கணக்கர்: கலந்து போட்டேன், 8 ஜிபி முழுசாகக் காட்டுகிறது. வேலை முடிந்ததா?

முடியவில்லை அக்கா. சில வருடம் முன்பு இதே மாதிரி ஒரு மீன் வியாபாரியின் மிஷினில் இரண்டு ஸ்டிக் கலந்து போட்டேன். 8 ஜிபி காட்டியதும் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம் கணக்குக் கோப்பு திறக்கவில்லை. தினமும் பென்டிரைவில் எடுத்த நகலும் அந்த ராம் வழியாகத்தானே போயிருக்கிறது, அதுவும் சிதைந்திருந்தது. காகித பில்லை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண் நாலு இரவு உட்கார்ந்து திரும்ப ஏற்றினார். அப்புறம் மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனை மென்பொருளை ஓட்டினால் மூன்றாவது சுற்றில் பிழை காட்டும் சிவப்பு வரி. முதல் நாளே ஓட்டியிருக்க வேண்டிய சோதனை அது.

மெம்டெஸ்ட்86 பிளஸ் இலவசம். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, கடை மூடியதும் ஓட விட்டு விடியக்காலையில் பாருங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தச் சேர்க்கையில் கணக்கு எழுதாதீர்கள். சோதனை முடியும்வரை, ராம் கலப்பதற்கு முன் எடுத்த பழைய நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

தேவிபட்டினம்: கழற்றிய பழைய 4 ஜிபியை என்ன செய்ய?

விற்காதீர்கள், பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நாளைக்கு டிஸ்ப்ளே வராதபோது கோளாறு எதில் என்று பார்க்க, நன்றாக ஓடுகிற ஒரு ஸ்டிக் கையில் இருப்பது பெரிய உதவி. புது ராம் வந்த உறையில் போட்டு, மருந்து பாட்டிலில் வருமே சிலிகா பொட்டலம், அதில் இரண்டோடு இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். ஜன்னல் ஓரத்தில் மட்டும் வேண்டாம்.